ஏழாவது ரயர்

கூட்டாக லொறி வைத்திருக்கும் குடும்பங்கள் கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. லொறிக்குப் புது ரயர் வாங்கும்போது, அடியில் தொங்கும் மேலதிகச் சில்லுக்கும் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா? முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு நான்கு என்று ஆறு ரயருக்குக் காசு சேர்ப்பதே பெரும்பாடு. ஏழாவதற்கு எங்கே போவது?

அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த கூட்டம் ஒன்றிலும் இதே வாக்குவாதம்தான். “கீழை தொங்குற சில்லை ஆர் பார்க்கப் போகினம்? இருக்கிறதே கிடக்கட்டும்” என்றார் ஒரு பெரியவர். அதுவரை பேசாதிருந்த சாரதி, “ஐயா, மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையிலை, காட்டுக்குள்ளை, இரவிலை தனிய நிக்கிறவன் நான்தானே” என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தில் சற்று நேரம் பேச்சில்லை.

இதைச் சிறிய விடயம் என்று எம்மால் ஒதுக்க முடியாது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம்விட்டு இடம் ஓடியபோது, வீட்டுக் கதவையும் கூரைத் தகட்டையும் விதைநெல்லையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றோம். பெட்டிச் சில்லு போய், மாற்றச் சில்லில்லாமல், கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இன்று கண்டி வீதியால் தம்புள்ளைச் சந்தைக்குக் கத்தரிக்காயும் மிளகாயும் ஏற்றுகிறோம். வழியில் ஓர் இரவு நின்றால் மரக்கறி வாடிப்போகும், விலை விழும். அந்த நட்டம் ஒருவருக்கல்ல, மூட்டை ஏற்றிய எல்லாக் குடும்பங்களுக்கும்.

ஆயினும் ஏழாவது ரயரும் புதிதாகவே இருக்க வேண்டும் என்பது எமது கருத்தல்ல. காரணங்கள் இரண்டு.

முதலாவது, ரயர் ஓடித் தேய்வதைப் போலவே ஓடாமலும் பழுதடைகிறது. வெயிலும் சூடும் காற்றும் பட்டு றப்பர் இறுகி வெடிக்கும். ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கும்படியும், பத்து ஆண்டு ஆனதை, மேலதிகச் சில்லானாலும், கழற்றிவிடும்படியும் ரயர்க் கம்பனிகள் பல அறிவுறுத்துகின்றன. ஆகவே புது ரயரை வாங்கித் தொங்கவிட்டால், அது வீதியைத் தொடாமலே கிழடாகிவிடக் கூடும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியதை மறந்திருக்கமாட்டோம். இந்த விலைவாசியில் அப்படி ஒரு ரயரைத் தூங்கவிட எம்மால் முடியாது.

இரண்டாவது, பின்சில்லுகள் சோடி சோடியாகப் பூட்டப்பட்டவை. ஒரு சோடியில் ஒன்று புதிதாகவும் மற்றது தேய்ந்ததாகவும் இருந்தால், உயரம் கூடிய புது ரயர் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்து சூடேறும். தேய்ந்தது இழுபட்டு மேலும் தேயும். இரண்டு ஆண்டு தொங்கிய புது ரயரை, இரண்டு ஆண்டு ஓடிய ரயருக்குப் பக்கத்தில் பூட்டினாலும் இதே கதைதான்.

அப்படியானால் என்ன செய்வது? புது ரயர் பூட்டும் நாளில், கழற்றிய ஆறையும் தொங்கிய ஒன்றையும் நிலத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். அவற்றுள் சிறந்ததே இனி மேலதிகச் சில்லு. பக்கச் சுவரில் கடைசியாக இருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3518 என்றிருந்தால் அது 2018 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இது இருக்கும்; காணாவிட்டால் மறுபக்கத்தைப் புரட்டுங்கள். பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம், நூல் தெரியும் வெட்டு உள்ளவற்றை ஒதுக்குங்கள். அளவு ஒன்றாக இருக்க வேண்டும். சோடியில் ரேடியலும் நைலோனும் கலக்கக் கூடாது. முன்சில்லு போனாலும் இதைத்தான் பூட்ட வேண்டிவரும் என்பதால், டாக் போட்ட ரயரை இதற்கு வைக்காதீர்கள்.

பழைய ரயரைக் கொடுத்தால் விலையில் கழித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்வதுண்டு. நல்லதைத் தெரிந்து எடுத்த பிறகே மற்றவற்றைப் பேசுங்கள். அவரும் நல்லதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஏழிலும் ஒன்றுகூடத் தேறாவிட்டால், தயங்காமல் ஏழாவதையும் வாங்குங்கள். அப்படி வாங்கியதைத் தூங்கவிடாமல், சில்லுகளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கும் ஒரு முறை கொடுங்கள். உண்மையில் ஒன்றும் தேறாமல் போவதற்குக் காரணம் நாமேதான். நூல் தெரியும்வரை ஓடுவதைச் சிக்கனம் என்று நினைக்கிறோம். சற்று முன்னரே மாற்றினால் கழற்றியதில் ஒன்று மேலதிகச் சில்லாகப் பயன்படும். ஆறுக்கும் ஒரேயடியாகக் காசில்லாதவர்கள் முன்னுக்கு இரண்டு புதிது போட்டு, முன்னுக்கிருந்த சோடியைப் பின்னுக்கு மாற்றி, பின்னுக்கிருந்து கழற்றியதில் நல்லதைத் தொங்கவிடலாம்.

இத்தோடு வேலை முடிந்துவிடாது. மாதம் ஒருமுறை மேலதிகச் சில்லின் காற்றை அளந்து பாருங்கள். சற்றுக் கூடுதலாகவே அடித்து வையுங்கள். வீதியில் நிற்கும்போது காற்றைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில்லை இறக்கி, தாங்கும் ஆணிக்கு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்து இறங்க மறுக்கும் சில்லு இருந்தும் இல்லாததுதான். ஜக்கும் நட்டுக் கழற்றும் சாவியும் லொறியிலேயே இருக்கட்டும். அந்தச் சில்லைப் பூட்டினால் மெதுவாக ஓடி, அடுத்த கடையில் பழையதைச் சரிசெய்து மீண்டும் பூட்டுங்கள்.

ஏழு ரயரினதும் திகதி இலக்கங்களைக் கணக்குக் கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. அடுத்த கூட்டத்தில் வாக்குவாதம் குறையும். ரயர் வாங்கப் போகும் நாளில், காசு வைத்திருப்பவரோடு சாரதியும் போகட்டும். காட்டுக்குள் இரவில் அந்தச் சில்லை இறக்கப் போகிறவர் அவர்தான்.