மழைக்கோட்டுக்குள்ளே வேர்வை மழை



மழைக்காலத்தில் பெரட்டுக்குப் போகிற சைக்கிள் வரிசையைப் பார்த்தாலே நம் நிலைமை தெரிந்துவிடும். ஒருவர் உரச் சாக்கின் உள்பிளாஸ்டிக்கைத் தலையில் கவிழ்த்திருப்பார். இன்னொருவர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார். பாசார் மாலாமில் வாங்கிய கறுப்புக் கோட்டு ஒன்று காற்றில் படபடக்கும். பெரட்டுக் களத்தில் எல்லாரும் கழற்றும்போது பார்த்தால், உள்சட்டையைப் பிழியலாம். "கோட்டு ஒழுகுது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். பல நேரம் கோட்டு ஒழுகவே இல்லை. அது அவரவர் வேர்வை.

சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் காலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு வெளியேற வேர்வை ஆவியாகிப் போக வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் கோட்டில் ஆவிக்கு வழி இல்லை. வேர்வை அங்கேயே தண்ணீராக நிற்கும், சூடும் உள்ளேயே நிற்கும். இரண்டு மைல் மேட்டு ரோட்டில் மிதித்து வந்தவருக்குத் தலை சுற்றுகிறதென்றால் அது ராத்திரி தூக்கம் கெட்டதால் மட்டும் இல்லை. மழையிலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இப்போது பட்டணத்துக் கடைகளில் "மூச்சுவிடும் துணி" என்று ஒன்று விற்கிறார்கள். கோர்-டெக்ஸ் அதில் பேர் போனது. 1969ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் கண்டுபிடித்த சவ்விலிருந்து வந்தது. மழைத்துளி நுழையாது, வேர்வை ஆவி மட்டும் வெளியே போகும். சொல்வது உண்மைதான். ஆனால் எந்த ஊரில்? ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற வித்தியாசம். வேர்த்த தோலுக்குப் பக்கத்தில், 35 டிகிரியில், ஆவியின் அழுத்தம் 42 மில்லிமீட்டர். வெள்ளைக்காரர் நாட்டுக் குளிர் மழையில், 5 டிகிரியில், வெளியே ஆறரைதான். நம் ஊர் விடியற்கால மழையில் 24 டிகிரி, வெளியே இருபத்திரண்டு. அங்கே 35 அளவுக்குத் தள்ளும் துணி, இங்கே 20 அளவுக்குத்தான் தள்ளும். மேல்துணி ஊறிவிட்டால் அதுவும் குறையும். அதனால் என் கருத்தை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன்: பல நூறு வெள்ளி கொடுத்து அதை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குங்கள்.

(மழைக்கோட்டின் கதையே நம்மைத் தொட்டதுதான். 1823ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்ல்ஸ் மெக்கிண்டாஷ் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைத் தடவிய, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் பிசுபிசுக்குமாம். இன்று பால்மரத்துக்கே பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழை படாமல் பார்க்கிறார்கள். வெட்டுகிறவருக்கு என்ன கட்டினார்கள்?)

நான் சொல்வது கேப். தலைவழியாக மாட்டுகிற, அடியில் திறந்த போர்வை மாதிரி உடை. கீழிருந்து காற்று ஏறும், வேர்வை தங்காது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு, நானே பட்டிருக்கிறேன். இடுப்பில் கட்டாமல் போட்டுக்கிட்டுப் போனேன். பின்னால் தொங்கிய நுனி சங்கிலியில் சிக்கி, மண் ரோட்டில் குப்புற விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டேன். பின்பக்கத்தை இடுப்போடு நாடாவால் கட்டுங்கள். முன்பக்கத்துக்குக் கட்டைவிரல் மாட்டுகிற வளையம் தைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் தையல் மிஷின் இருந்தால் கால் மணி வேலை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குக் கேப் வேண்டவே வேண்டாம். அதற்குக் கோட்டும் கால்சட்டையுமாக வருகிறதே, அதுதான் சரி. அக்குளில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நிறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. கறுப்பும் கரும்பச்சையும் கூடாது. தீபகற்பத்தில் 1982 ஜனவரி முதல் தேதியோடு கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்களே, அதிலிருந்து காலை ஆறு மணி என்றால் நல்ல இருட்டு. செம்பனைக் குலை ஏற்றப் போகிற லோரிக்காரர் கண்ணுக்குக் கறுப்புக் கோட்டு தெரியாது. முதுகில் மின்னும் பட்டை ஒட்டுங்கள். தலைமூடி திரும்பும்போது கண்ணை மறைக்கும். அதைவிட விளிம்பு வைத்த தொப்பி நல்லது.

மருந்து அடிக்கிற அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து அடிக்கும்போது கட்டுகிற ஏப்ரனை மழைக்குப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரியில் தடையாகிவிட்டது, ஆனால் மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. ஊறிய, வேர்த்த தோல் மருந்தைச் சீக்கிரம் இழுக்கும். அந்த ஏப்ரனைப் பிள்ளையும் தொடும்.

இன்னொன்று. மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று நம் பாட்டிமார் சொல்லி வளர்த்தார்கள். சளிக்காய்ச்சலைக் கொண்டு வருவது கிருமி, மழைத்துளி அல்ல. கால் மணி நேரத் தூரம்தான் என்றால், நனைந்துகொண்டே மெதுவாக மிதித்து வந்து காய்ந்த துணி மாற்றிக்கொள்வதே மேல் என்பேன். ஈரத்தோடு நாள் முழுக்க நிரையில் நிற்பதுதான் கெடுதல். தொடை இடுக்கில் படை, கால்விரல் நடுவே சேற்றுப்புண் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. எலிச் சிறுநீர் கலந்த தேங்குதண்ணீர் அந்தப் புண் வழியே ஏறினால் எலிக்காய்ச்சல். மழையில் மிதித்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "நனைஞ்சதுதான்" என்று கைமருந்தோடு இருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள், தண்ணீரில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

வழியில் விழுந்தாலும் மறைக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலைக்கு நேராக வரும் வழியில் நடக்கும் விபத்து, 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தில் வேலை விபத்தாகவே கணக்கு. அன்றைக்கே ஆபீஸில் சொல்லி எழுத வையுங்கள்.

ஆனால் துணி மாற்ற இடம் எங்கே? ஆண்கள் லோரி மறைவில் மாற்றிக்கொள்வார்கள், பெண்கள்? நான் பார்த்த ஒரு தோட்டத்தில் உர ஸ்டோருக்குப் பூட்டுப் போட்ட கதவு இருந்தது, பெண்களுக்குச் சாக்கு மறைப்புகூட இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள்: பெரட்டுக் களத்தில் கூரையுள்ள சைக்கிள் கொட்டகை, கோட்டு காயப்போட ஒரு கம்பி, பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை.