படத்தில் தெரியாத குழாய்

பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து, சில மாதங்களில் விற்று லாபம் பார்ப்பது அமெரிக்காவில் பெரிய தொழில். கலிபோர்னியாவில் உட்கார்ந்தபடி, நேரில் பார்க்காமலே ஒஹாயோவில் வீடு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் செலவுக் கணக்கில்தான்.

சூத்திரம் எளிது. புதுப்பித்தபின் கிடைக்கும் விலையில் 70 சதவீதத்தை எடுத்து, பழுதுபார்ப்புச் செலவைக் கழித்தால் வருவதே வாங்கும் விலையின் உச்சவரம்பு. 2 லட்சம் டாலருக்குப் போகும் வீட்டுக்கு 40 ஆயிரம் செலவென்றால், ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த 40 ஆயிரத்தைச் சொன்னது யார்? பல நேரம், செல்பேசிப் படங்கள்.

படத்தில் சமையலறை அலமாரி தெரியும். சுவருக்குள் துருவேறிய குழாய் தெரியாது. கழிவுநீர்க் குழாயில் மரவேர் புகுந்திருப்பதைக் கேமராவை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அதில் கைவைக்கச் சான்றிதழ் பெற்ற ஒப்பந்ததாரர் தேவை.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. கணினிக் கணிப்பை நம்பி 2018-இல் வீடு வாங்கி விற்கத் தொடங்கியது, வீட்டு விற்பனை இணையதளமான ஜில்லோ. 2021 அக்டோபரில், பழுதுபார்க்கக் காத்திருந்த வீடுகள் தேங்கியதால் கொள்முதலை நிறுத்தியது. விலைக் கணிப்பும் பிசகியிருந்தது. நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது.

சதுர அடிக்கு இவ்வளவு என்ற குத்துமதிப்பை இனியாவது கைவிட வேண்டும். விற்பவரோடும் ஒப்பந்ததாரரோடும் தொடர்பில்லாத உள்ளூர் ஆய்வாளருக்குச் சில நூறு டாலர் கொடுத்து, கூரை முதல் கழிவுநீர்க் குழாய் வரை தனித்தனியாகப் பட்டியல் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.