கைக்கயிறும் ஒரு சமூகத் திட்டம்தான்

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் தப்பவில்லை. வெட்டியவர்கள் உடன் பயின்ற ஆதிக்க சாதிச் சிறுவர்கள். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதன்பின் எழுந்த விவாதம் பெரும்பாலும் கைக்கயிற்றுத் தடையிலேயே நின்றுபோனது. பள்ளி மணி அடித்த பிறகு அச்சத்தில் இருக்கும் பையன் யாரிடம் போவான் என்ற கேள்வியை எவரும் தொடரவில்லை.

இக்கேள்விக்கு உலகின் மறுகோடியில் ஒரு விடை உண்டு. அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் தாக்கத்தில் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்ததை நாம் அறிவோம். அதற்கு ஓராண்டு முன்பே, 1971இல், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பசிபிக் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் இளைஞர்களும் மாவோரி இளைஞர்களும் பாலினேசியச் சிறுத்தைகளைத் தொடங்கினர். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட நிலையங்கள், சிறையில் இருப்போரைக் காண உறவினர்களுக்கு வாகனம், காவலர் பிடித்தால் உள்ள உரிமைகளை விளக்கும் கையேடு: அவர்களின் பண்பாட்டுப் பணி இப்படித்தான் இருந்தது. 1970களில் பசிபிக் மக்களின் வீடுகளில் விடியற்காலையில் நடத்திய குடியேற்றச் சோதனைகளுக்கு அந்நாட்டு அரசு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. அரசுக் காப்பகங்களிலும் பசிபிக், மாவோரிப் பிள்ளைகள் வதைபட்டதை 2024இல் அரச விசாரணை ஆணையம் பதிவு செய்தது. விடுதி கட்டிக் கொடுத்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நீலகிரிக்கு வருவோம். உதகை வட்டத்துச் சோலூரைச் சூழ்ந்த மலைகளில் தோடர் மந்துகள், படுகர் ஊர்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் அடுத்தடுத்து உள்ளன. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இம்மாவட்டத்தில் குடியமர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். மாவட்டத்தின் மேற்குச் சரிவில், கூடலூரில், 1986இல் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் துணையுடன் பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோர் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டனர். அவர்கள் முதலில் கேட்டது நிலம். மருத்துவமனையும் வித்யோதயா பள்ளியும் பிறகு வந்தன. அப்பள்ளியில் ஆதிவாசி இளைஞர்களே ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றனர். தம் மக்களின் பாட்டும் கதையும் வகுப்பறைக்குள் வந்தன. தாய்மொழியில் பேசினால் சிரிப்பார்களோ என்று கூசும் பையனுக்கு, தன் ஊர்க்காரரே கரும்பலகையின் முன் நிற்பது எவ்வளவு பெரிய காவல்!

ஆனால் ‘சமூகமே தன் பையன்களைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நாங்குநேரிச் சிறுவர்களுக்கும் பின்னால் ஒரு சமூகம் இருந்தது. நிறக் கயிறும் ஆண்டப் பெருமையும் அதுவே கற்பித்த பண்பாடு. பணியர் சிறுவன் தன் பாட்டைப் பாட எவரும் தாழ வேண்டியதில்லை. சாதிப் பெருமைக்கோ கீழே ஒருவன் கட்டாயம் தேவை. சந்துரு குழு பரிந்துரைத்த சமூக நீதி மாணவர் படை இந்த வேறுபாட்டை உணராமல் அமைந்தால், அணிவகுப்போடு முடிந்துபோகும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கான சட்டத்தை 2024இல் தமிழ்நாடு இயற்றியது. இவ்விரு பிரிவினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தோட்டக் குடியிருப்புகளிலும் ஆதிவாசி ஊர்களிலும் மாலைநேரப் படிப்பகங்களையும், அந்தந்த ஊர் இளைஞர்களுக்கு அங்கேயே ஊதியத்துடன் பணியிடங்களையும் இந்த நிதியிலிருந்து கேட்கலாம். நிர்வாகம் குடியிருப்பினரின் குழுவிடம் இருக்க வேண்டும் என்பதையும் கோரிக்கை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.