கானமயிலும் காற்றாலையும்

பறவையா, மின்சாரமா? ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்தில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பெருகியதிலிருந்து இக்கேள்வி ஓயாமல் எழுப்பப்படுகிறது. இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மக்களை நெருக்கும் இக்கேள்வி, திட்டமிடலின் தோல்வியை மறைத்துவிடுகிறது.

ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயிலில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 150 மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை தார்ப் பாலைவனத்தில் வாழ்கின்றன. உடல் கனமானது, நேர்முகப் பார்வையோ குறைவு. எதிரே உள்ள மின்கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதி மடிகிறது. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு முட்டையே இடுவதால், இழப்பு எளிதில் ஈடாவதில்லை. தார்ப் பகுதியின் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும், பல இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் ஆண்டுதோறும் இறப்பதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. காற்றாலையின் இறக்கையைவிட, மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பியே கானமயிலுக்குப் பேராபத்து.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இப்பறவையின் வாழிடங்களில் மின்கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது. உயர் அழுத்தக் கம்பிகளை நெடுந்தொலைவு புதைப்பது தொழில்நுட்பத்தில் கடினம், நிலக்கரிக்கு மாற்றான மின்னுற்பத்தி தடைப்படும் என ஒன்றிய அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டருக்கான அப்பொதுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, நிபுணர் குழுவை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டு என்றும் கூறியது. வெப்ப அலையில் முதலில் வீழ்பவர் உழைப்பாளரே என்பதால், இவ்வாதத்தை இடதுசாரிகள் புறந்தள்ள இயலாது.

ஆயினும் காற்றாலைத் திட்டங்களுக்கும் சூரிய ஒளி மின் திட்டங்களுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. இடத்தையும் கம்பித்தடத்தையும் செலவுக் கணக்கே முடிவு செய்கிறது. பறவையின் பேச்சு அதற்குப் பின்னரே வருகிறது. கிராம மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் ‘ஓரண்’ எனும் கோயிற்காடுகள் பல, வருவாய்ப் பதிவேடுகளில் தரிசு நிலமாகவே கிடக்கின்றன. ஆடுமாடு மேய்ப்போரின் மேய்ச்சலும் கானமயிலின் வாழிடமும் ஒரே நிலத்தில் பறிபோகின்றன. தேக்ராய் ஓரணில் மக்கள் மின்கம்பிகளை எதிர்த்துப் போராடியது இதனாலேயே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வாழிட வரைபடம் முதலில், நில ஒதுக்கீடு பின்னர். தாழ்வழுத்தக் கம்பிகளைப் புதைக்க வேண்டும். உயர் அழுத்தத் தடங்களை வாழிடத்துக்கு வெளியே திருப்ப வேண்டும். ஓரண்களைப் பொது நிலமாகப் பதிந்து, கிராம சபையின் இசைவைக் கட்டாயமாக்க வேண்டும். பாதுகாப்புச் செலவு நிறுவனங்களின் இலாபத்திலிருந்து வரவேண்டுமேயன்றி, நுகர்வோரின் மின்கட்டணத்தில் ஏற்றப்படலாகாது.

மாசற்ற மின்சாரம் நாட்டின் தேவை. அதன் விலையை மேய்ப்பரும் கானமயிலும் மட்டும் செலுத்துவது நியாயமாகாது.