பறவைக்குச் சிறகுண்டு, வயலுக்குச் சிறகில்லை!

எந்த உயிரும் தீங்குயிராகப் பிறப்பதில்லை. தீங்குயிர் என்பது மாந்தன் சூட்டும் பெயர். அவன் வயலுக்கு அப்பால் நின்றால் அழகுயிர். வயலில் வாய்வைத்தால் தீங்குயிர்! பெயர் சூட்டுவதோடு நின்றால் கேடில்லை. அப் பெயர் சட்டத்துள் ஏறிய அன்றே, அவ் வுயிரைக் கொல்வது குற்றம் என்னும் நிலை மாறி, கொல்வதற்கு உரிமையுண்டு என்னும் நிலை வந்துவிடுகின்றது. ஆகவே, அப் பெயரைச் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருத்தல் வேண்டும் என்பது பறவையைப் பற்றிய வினா மட்டுமன்று. ஆட்சியைப் பற்றிய வினாவும் ஆகும். இதனை விளங்கிக் கொள்வதற்கு வட அமெரிக்காவின் கனடா வாத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

கருங்கழுத்தும் வெண்கன்னமும் உடைய அக் காட்டுவாத்து, கனடாவின் வடபால் குஞ்சு பொரித்துக் கூதிர்க்காலத்தே தெற்கு நோக்கிப் பறப்பது. இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் பறவைகள் வரைதுறையின்றிச் சுட்டு வீழ்த்தப்பட்ட கொடுமையைத் தடுப்பதற்காக, 1916-இல் அமெரிக்க ஒன்றிய நாடும், கனடாவின் பொருட்டுப் பிரித்தானியாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனை நிறைவேற்ற 1918-இல் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டம் பிறந்தது. இசைவின்றி அப் பறவைகளைக் கொல்வதும், பிடிப்பதும், விற்பதும், அவற்றின் கூட்டையும் முட்டையையும் எடுப்பதும் குற்றமாயின. வாத்து முதலான வேட்டைப் பறவைகளுக்கும் மார்ச்சு 10 முதல் செபுத்தம்பர் 1 வரை வேட்டை அடைக்கப்பட்டது.

ஆயினும், அவ் வுடன்படிக்கை உழவனை மறந்துவிடவில்லை. வழக்கத்திற்கு மாறான நிலையில், ஒரு குறிப்பிட்ட பகுதி மக்களின் உழவுக்கோ பிற நலனுக்கோ அப் பறவைகள் கடுந்தீங்கு விளைப்பின், உரிய அதிகாரிகள் அவற்றைக் கொல்ல இசைவு தரலாம் என்று அதன் ஏழாம் பிரிவு கூறுகின்றது. நாடு முழுவதற்கும் ஒரு பறவையைத் தீங்குயிர் என்று ஒறுத்துவிடாமல், இன்ன இடத்தில், இன்ன நிலையில், இன்ன தீங்கு என்று வரையறுத்த நுட்பம் அதிலுண்டு.

அச் சட்டத்தை மிசூரி மாநிலம் எதிர்த்தது. தன் எல்லைக்குள் இருக்கும் காட்டுப்பறவைகள் தன் உடைமை. அவற்றின்மேல் நடுவணரசு கைவைத்தல் மாநில உரிமையைப் பறித்தலாகும் என்று அது வழக்காடியது. 1920-இல் உச்சமுறைமன்றம் அதனைத் தள்ளியது. நேற்று வேறொரு மாநிலத்தில் இருந்து, இன்று இங்கே இறங்கி, அடுத்த கிழமை ஆயிரம் கல் தொலைவில் இருக்கப்போகும் பறவையை ஒரு மாநிலம் தன் உடைமை என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பதே அத் தீர்ப்பின் உட்கிடை. மாநில உரிமையில் பற்றுடையார்க்கு இத் தீர்ப்பு முதலில் கசக்கும். ஆனால், எண்ணிப் பார்ப்பின் அதன் ஒரு பாதி உண்மையே. ஓர் ஊரார் காக்க, மற்றோர் ஊரார் சுட்டு வீழ்த்துவராயின், வலசைப் பறவைக்குக் காப்பே இல்லாமற் போகும்.

மறுபாதி உண்மை பின்னர் வெளிப்பட்டது. கனடா வாத்துகளுள் மிகப் பெரிய இனம் அற்றுப்போயிற்று என்று அறிஞர் பலரும் முடிவு கட்டியிருந்தனர். 1962-இல் மின்னசோட்டா மாநிலத்து இரோச்செசுட்டர் நகரத்து ஏரியில் அவ் வினம் உயிரோடிருப்பது கண்டறியப்பட்டது. மகிழ்ந்த அரசுத் துறைகள் அதனைப் பெருக்கிப் பல மாநிலங்களிலும் கொண்டுபோய் விட்டன. பெருநகரங்கள் வளர்த்த புற்றரைகளும் செயற்கைக் குளங்களும் அதற்கு ஆண்டு முழுவதும் விருந்து வைத்தன. அங்கே அதை வேட்டையாடுவாரும் இல்லை. வலசை போகாமல் அங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் வாத்துகள் பல இலக்கமாய்ப் பெருகின. இளம்பயிர் மேயப்பட்டது, குளங்கள் கழிவால் கெட்டன. அழிந்தது என்று அழுதவர்களே, பெருகிவிட்டது என்று அலறினர்! குற்றம் வாத்தினுடையதா, அதனைக் கொண்டுவந்து குடியமர்த்தியவர்களுடையதா?

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. வர்சீனியா மாநிலத்தில் வாத்துகளைப் பிடித்துக் கொல்ல நடுவணரசின் வேளாண்துறை முற்பட்டபோது, உரிய இசைவு பெறாமல் நடுவண் துறையும் அதனைச் செய்தல் கூடாது என்று 2000-இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. குடிமகனுக்கு ஒரு சட்டம், அரசுக்கு ஒரு சட்டம் என்னும் முறைகேட்டிற்கு அத் தீர்ப்பு இடந்தரவில்லை. 2006-இல் வந்த புதிய விதிகள், தங்கிவாழும் வாத்துகளை வலசை வாத்துகளினின்று பிரித்தன. வானூர்தி நிலையங்களுக்கும், பயிர்நிலங்களுக்கும், பொதுநலத்துக்கும், கூடு முட்டைகளை நீக்குவதற்கும் தனித்தனி ஆணைகள் வகுக்கப்பட்டன. பயிர் காக்கும் ஆணையின்கீழ், மே முதல் ஆகத்து முடிய வாத்துகளைக் கொல்லலாம். ஆனால், அதனை வேட்டை விளையாட்டாக்குதல் கூடாது. கொன்றதை விற்றலும் கூடாது. நடுவணரசு சட்டகம் வகுத்தது. அதற்குள் செயற்படும் பொறுப்பு மாநிலங்களின் கைக்கு வந்தது. மிசூரி தோற்ற வழக்கின் ஞாயமான பகுதி, எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அமைதியாக வென்றது எனலாம்.

ஆயினும், அச்சம் வந்தவிடத்து அளவு கெடும் என்பதற்கும் அவ் வாத்தே சான்று. 2009 சனவரி 15 அன்று நியூயார்க்கினின்று எழுந்த வானூர்தி ஒன்றின் பொறிகளுள் வாத்துக் கூட்டம் புகுந்தது. வலவனின் திறத்தால் வானூர்தி அட்சன் ஆற்றில் இறக்கப்பெற்று, 155 பேரும் உயிர் பிழைத்தனர். பொறியில் சிக்கிய இறகுகளை ஆய்ந்த சுமித்சோனியன் அறிஞர்கள், அவை வடக்கே கனடாவினின்று வந்த வலசை வாத்துகளின் இறகுகள் என்று கண்டனர். நகரத்தில் பிடித்துக் கொல்லப்பட்டவையோ, இறகுதிர்காலத்தில் பறக்க இயலாது நின்ற உள்ளூர் வாத்துகள்! வானூர்தித் தடத்தருகே எவ் வாத்தும் ஏதமே என்பது மெய்தான். எனினும், தீங்கு செய்தது எது என்று ஆராயுமுன் ஒறுப்பு முந்திக்கொள்வதே தீங்குயிர் என்னும் பெயரின் கேடு.

இந் நிலத்திற்கும் இதிற் பாடமுண்டு. வலசைப் பறவை தமிழர்க்குப் புதிதன்று. குமரித் துறையினின்று வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தை விளித்துப் பாடினார் பிசிராந்தையார். இன்றும் பனிமலைக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகளைக் கூந்தன்குளத்து மக்கள் விருந்தினராய்ப் போற்றுகின்றனர். அவர்கள் அவற்றைக் காப்பது எந்தத் தில்லி ஆணைக்கும் அஞ்சியன்று.

ஆனால், இந்தியாவில் அதிகாரம் சென்ற திசை நேர்மாறானது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், மாநிலங்கள் சிலவற்றின் தீர்மானத்தைப் பெற்றே இயற்றப்பட்டது. ஏனெனில், காட்டுயிர் அன்று மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல், நெருக்கடி நிலையின்போது கொணரப்பட்ட 42-ஆம் திருத்தம், காட்டையும் காட்டுயிரையும் பொதுப்பட்டியலுக்கு இழுத்துக்கொண்டது. பயிருக்குக் கேடு செய்யும் விலங்கைக் கொல்ல இசைவு தரும் அதிகாரம் மாநிலத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர்க்கு உண்டு. ஆனால், ஒரு விலங்கை ஓரிடத்தில் ஒரு கால அளவிற்குத் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரம், 62-ஆம் பிரிவின்படி நடுவணரசிடமே உள்ளது. பீகாரின் சில மாவட்டங்களில் நீலமானுக்கு 2015-இல் அவ் வறிவிப்பு வந்தது. காட்டுப்பன்றிக்காகக் கேரளம் பன்முறை கேட்டும் மறுக்கப்பட்டது. கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்ட காலைப்பொழுதில், உழவன் தில்லியின் திசையையா நோக்கிக்கொண்டிருப்பான்?

இதனால், துமுக்கி ஏந்தும் உரிமை எல்லார்க்கும் வேண்டும் என்பது பொருளன்று. வேலி, காவல், முட்டை நீக்கம், காலத்தாற் கிடைக்கும் இழப்பீடு ஆகியவை முதலில் வருதல் வேண்டும். அவை தோற்றவிடத்தே, தீங்கை நேரிற் கண்டு, இடத்தையும் காலத்தையும் எண்ணிக்கையையும் வரையறுத்து, அறிந்தார் கையால் மட்டுமே கொலை நிகழ்தல் வேண்டும். அதனை முடிவுசெய்வார், அம் மண்ணின் மொழியில் உழவன் கூறும் முறையீட்டை நேரே கேட்கக்கூடியவராய் இருத்தல் வேண்டும். தவறின் அவனுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவராயும் இருத்தல் வேண்டும்.

பறவைக்குச் சிறகுண்டு, அது எல்லை கடக்கும். ஆகவே, அதனைக் காக்கும் கடமை எல்லார்க்கும் பொதுவாகுக! வயலுக்குச் சிறகில்லை, அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே, அதன் துயர் தீர்க்கும் அதிகாரம் அதன் வரப்பருகே நிற்பார்க்கு உரியதாகுக! இவ் விரண்டையும் பிரித்தறியாத சட்டம் பறவையையும் காவாது, உழவனையும் காவாது.