டோஃப் என்றால் மக்கா?

ஜெர்மனியில் ஏதாவது ஒரு நர்சரி ஸ்கூல் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். 'டு பிஸ்ட் டோஃப்!' என்று ஒரு வாண்டு இன்னொரு வாண்டைப் பார்த்துக் கத்துவது காதில் விழும். 'நீ ஒரு மக்கு' என்று அர்த்தம். பொம்மையைப் பிடுங்கினால் டோஃப். விளையாடும்போது மழை வந்தால், மழையும் டோஃப். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சின்னப்பிள்ளைப் பேச்சுதானே!

சின்னப்பிள்ளைப் பேச்சுதான். ஆனால், அந்த வார்த்தையைப் பெற்றெடுத்தது சின்னப்பிள்ளைகள் இல்லை சார்.

ஜெர்மன் மொழியில் 'டவுப்' என்றால் காது கேளாதவர். வடக்கத்தி வட்டார வழக்கில் அதே சொல்தான் 'டோஃப்'. அது பெர்லின்காரர்களின் பேச்சு வழியாக 20-ம் நூற்றாண்டில் ஊர் முழுக்கப் பரவியபோது காது காணாமல் போய், மக்கு மட்டும் மிச்சமானது. இங்கிலீஷ் 'டம்ப்' கதையும் இதேதான். முதலில் வாய் பேசாதவர், இப்போது முட்டாள். உள்ளே பருப்பில்லாத கொட்டைக்குக்கூட ஜெர்மனியில் 'டவுப்' கொட்டை என்றுதான் பேர். காது கேட்கவில்லையா, உள்ளே சரக்கில்லை! எவ்வளவு சுலபமாக முடிவுகட்டிவிட்டார்கள் பாருங்கள். நாம் ரசித்த லாரல் - ஹார்டிக்கு அங்கே வைத்த பேரே 'டிக் உண்ட் டோஃப்'. அதாவது, குண்டும் மக்கும்.

'யாருங்க இப்போ காதை நினைச்சுக்கிட்டுச் சொல்றாங்க? எதுக்கு இந்த வம்பு?' என்று நீங்கள் கேட்கலாம். வார்த்தையின் பூர்விகம் மறந்துவிட்டது, வாஸ்தவம். அதைப் பெற்ற நினைப்பு மறக்கவில்லையே!

1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். சைகை மொழி கூடாது, வாயால் பேசித்தான் படிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியாரின் உதட்டைப் பார்த்தே பொழுதைக் கழித்தார்கள். புரியவில்லை என்றதும், 'பார்த்தீங்களா, மக்கு' என்றார்கள். கையைக் கட்டியது யாராம்?

1933-ல் ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிறவி மந்தபுத்தியும் பரம்பரைக் காது கேளாமையும் அதில் ஒரே பட்டியல். ஆயிரக்கணக்கான காது கேளாதவர்களின் உடம்பில் கத்தி வைத்தார்கள். விளையாட்டு வார்த்தைக்குள் இருந்த அதே கணக்கு, அரசாங்க முத்திரையோடு வந்தது. அம்புட்டுதான் வித்தியாசம்.

ஜெர்மன் சைகை மொழியை அந்த நாட்டுச் சட்டம் தனி மொழியாக ஒப்புக்கொண்டது 2002-ல். மிலான் தீர்மானத்தைத் தவறு என்று அதன் வாரிசு மாநாடு அறிவித்தது 2010-ல். 130 வருஷம் ஆகியிருக்கிறது!

வார்த்தையைத் தடை செய்யச் சொல்லவில்லை. குழந்தையின் வாயைப் பொத்தவும் சொல்லவில்லை. 'காது செவிடு' என்பதையும் 'மூளை மக்கு' என்பதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர்கள் பெரியவர்கள். அவிழ்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான். கையால் பேசுகிறவரிடம் மொழி இருக்கிறது. அது நமக்குப் புரியவில்லை என்றால், மக்கு யார்? நீங்களே சொல்லுங்கள்.