பகலில் எரியும் பல்பும் உப்புக்காற்றும்

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில், என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிந்தாக வேண்டும். அணைக்க சுவிட்ச் கிடையாது. இரவுக்கு மட்டும் உழைத்த 35/35 வாட் ஹாலஜன் பல்பு பகலிலும் எரிவதால், அது முன்பைவிடச் சீக்கிரம் பீஸ் போவது இயல்பே. ஆனால் புதிதாக மாட்டிய பல்பு சில வாரத்தில் மறுபடி போனால், குறை பெரும்பாலும் பல்பில் இல்லை.

ஹாலஜன் பல்பின் ஆயுளை நிர்ணயிப்பது முதலில் வோல்ட். பல்புகள் 13.2 வோல்ட்டில் சோதிக்கப்படுகின்றன. வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும், 14.4-இல் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், 15-ஐத் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு. எனவே பல்பை மாற்றும் முன், என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு ஹோல்டர் முனையிலேயே அளந்து பார்ப்பது அவசியம். விளக்கு ஏசியில் எரியும் மாடல்களில் மலிவான மல்டிமீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அதற்கு ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் சரி.

வோல்ட் ஏன் ஏறுகிறது என்ற இடத்தில்தான் கடற்கரை குறுக்கே வருகிறது. உப்பு படிந்த எர்த் முனையில் தடை கூடுகிறது. ரெகுலேட்டரின் எர்த் அப்படிக் கெட்டால், மிகுதி மின்சாரத்தை வெட்டிவிடும் வேலை ஒழுங்காக நடக்காது; பேட்டரி வோல்ட்டை உணர்ந்து இயங்கும் வகை ரெகுலேட்டரோ அதைத் தவறாக, குறைவாக உணர்ந்து மேலும் ஏற்றிக் கொடுக்கும். கடைசியில் அடி விழுவது பல்பின் இழைக்கு. ஹோல்டரின் எர்த் மட்டும் கெட்டிருந்தால் விளைவு வேறு: விளக்கு மங்கும், மினுக்கும், ஹோல்டர் சூடாகி உருகும். இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணிப் பல்பை மட்டும் மாற்றுவது பட்டறைகளின் பழைய வழக்கம். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவதும் அதனால்தான்.

வாடையானாலும் கச்சானானாலும் ராமேஸ்வரம் தீவில் காற்று கடலைத் தொட்டே வருகிறது. உலோகத்தைத் தின்னும் இந்தக் காற்றை ஆராயவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. பாம்பன் பாலத்திலும், 2017-இல் திறந்த அரிச்சல்முனை சாலையிலும் தினமும் ஓடும் வண்டிக்கு கடலைவிட்டுத் தள்ளி ஓடும் வண்டிக்குச் செய்யும் பராமரிப்பு போதாது.

பச்சைக் களிம்பு பூத்த முனையை நன்னீரால் கழுவி, உலர்த்தி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, கப்ளரில் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். தேய்த்துவிட்டு உப்பைக் கழுவாமல் விட்டால் களிம்பு மறுபடி பூக்கும். டூமின், அதாவது முகப்பு விளக்குக் கூட்டின், பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றியே தீர வேண்டும். சூடான விளக்கு ஆறும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காகக் காற்றுத்துளையைப் பசையால் அடைப்பது தவறு, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். எரிந்து சூடேறிய விளக்கின்மேல் வாட்டர் வாஷ் அடிப்பதும் கூடாது.

பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் தொடுகிறார்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் குவார்ட்ஸ் வெந்து பழுதாகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டலாம். வெளிச்சம் வேண்டி 60/55 வாட் பல்பைப் போடுவது ஹோல்டரையும் ஸ்டேட்டரையும் சேர்த்தே கெடுக்கும். டூம் ஆடினால் அதன் போல்ட்டை முறுக்குவதும் இதே வேலையின் பகுதி, அதிர்வு பழைய இழையை எளிதில் அறுக்கும்.

கார்களின் பகல் விளக்கு இன்று பெரும்பாலும் எல்இடி. அதில் அறுந்துபோக இழை இல்லை. கெடுவது பெரும்பாலும் டிரைவர் சர்க்யூட், அதுவும் சூட்டாலும் ஈரத்தாலும். பல மாடல்களில் முழு யூனிட்டையே மாற்ற வேண்டியிருப்பதால் செலவு பல மடங்கு. அங்கும் முதலில் பார்க்க வேண்டியவை சீலும் கப்ளரும்.

இந்தக் கரையில் வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன்கள், இரண்டாம் முறை பல்பு போய் வரும் வண்டிக்குப் புதுப் பல்பை எடுக்கும் முன் ரெகுலேட்டர் எர்த்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.